நியூ ஜெர்சியில் வசந்தகால டிரவுட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி மீனைப் பற்றித்தான் இருக்கும். கோயிலில் பிரசாத வரிசையில் கேட்பார்கள், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்பார்கள். முசிறிப் பக்கம் காவிரி வாய்க்காலில் கெண்டை பிடித்து வளர்ந்தவன் நான். எடிசனுக்கு வந்த பிறகுதான் டிரவுட் பழக்கமானது. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து கை வலித்ததால் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை. மாநில மீன்வளத் துறை ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடும் விதிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

டிரவுட்னா என்ன மீன்ணா? நம்ம ஊர்ல கிடையாதா?

சால்மன் குடும்பத்து மீன். குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். இங்கே மூன்று வகை பேசப்படும்: ரெயின்போ, பிரவுன், புரூக். ரெயின்போவின் பூர்வீகம் அமெரிக்காவின் பசிபிக் கரை. பிரவுன் 1883-ல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்தது. இந்த மண்ணுக்குச் சொந்தமானது புரூக் மட்டும்தான். நியூ ஜெர்சியின் மாநில மீனும் அதுவே.

நம் பக்கமும் உண்டு. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் வெள்ளைக்காரர்கள் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். இலங்கையில் நுவரெலியா மலைப்பக்கத்திலும் கொண்டுவந்து விட்டார்கள். ஊட்டிக் குளிர் இருந்தால்தான் பிழைக்கும் என்பதால் சமவெளியில் வளர்ந்த நாம் அதைப் பார்த்திருக்க மாட்டோம்.

லைசென்ஸ் கட்டாயம் எடுக்கணுமா? ஊர்ல யாரும் கேட்டதே இல்லையே.

கட்டாயம். 16 வயது ஆகிவிட்டால், இங்கே நன்னீரில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். டிரவுட் பிடிக்க, அதற்கு மேல் டிரவுட் ஸ்டாம்ப் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். நான் கடைசியாக வாங்கியபோது உள்ளூர்வாசிக்கு லைசென்ஸ் 22.50 டாலர், ஸ்டாம்ப் 10.50 டாலர். ஆன்லைனிலேயே வாங்கலாம். டிசம்பர் 31-ஓடு காலாவதியாகிவிடும். அதனால் நவம்பரில் வாங்கிவிட்டு ஒரு வருஷம் ஓடும் என்று நினைக்காதீர்கள்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். ஏப்ரல் மாதத்தில் அதிகாரிகள் நிஜமாகவே சுற்றி வருவார்கள். பிள்ளைகளுக்கு 16 ஆகும்வரை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் 'பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்' என்று அப்பாவே நாள் முழுக்க வீசிக்கொண்டிருந்தால் மீன் பிடிப்பது அப்பாதான், பையன் இல்லை.

அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்கார், 72 வயசு. எழுபதுக்கு மேல ஃப்ரீன்னு சொன்னாங்களே?

70 வயதுக்கு மேல் லைசென்ஸ் வேண்டாம் என்பது நியூ ஜெர்சிவாசிகளுக்கு மட்டும். குறைந்தது ஆறு மாதம் இங்கே குடியிருந்தால்தான் உள்ளூர்வாசி. விசிட்டர் விசாவில் போன மாதம் வந்த அப்பா அந்தக் கணக்கில் வர மாட்டார். வெளியாட்களுக்கு இரண்டு நாள், ஏழு நாள் என்று குறுகிய கால லைசென்ஸ் உண்டு. அதையும் வெளியாள் ஸ்டாம்பையும் வாங்கிக் கொடுங்கள்.

காசு செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு நாள், பெரும்பாலும் ஜூனில் ஒரு சனிக்கிழமையும் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையும், இலவச மீன்பிடி நாள் என்று அறிவிப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் லைசென்ஸும் வேண்டாம், ஸ்டாம்பும் வேண்டாம். என் மாமனார் வாழ்க்கையில் பிடித்த ஒரே டிரவுட் அப்படி ஒரு ஜூன் சனிக்கிழமையில்தான்.

சீசன் என்னிக்கு ஆரம்பிக்குது? அதுக்கு முன்னாடி போனா தப்பா?

ஏப்ரலின் முதல் அல்லது இரண்டாவது சனிக்கிழமை, காலை 8 மணிக்கு. ஏழரைக்கு ஆற்றுக்குள் நிற்கலாம், பேசிக்கொண்டிருக்கலாம், காப்பி குடிக்கலாம். மீனை எடுத்து வைத்துக்கொள்ளத்தான் எட்டு அடிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய சுமார் மூன்று வாரங்களில்தான் ஆறு, குளங்களில் முதல் சுற்று மீனை விடுவார்கள். அந்த நாட்களில் அப்படிப்பட்ட இடங்களில் டிரவுட் மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ஒன்றுகூட வீட்டுக்கு வரக் கூடாது.

லாரியில கொண்டாந்து கொட்டுறாங்களாமே! அப்புறம் அதுல என்ன மீன் பிடிக்கிறது?

இதைக் கேட்காதவரே கிடையாது. ஆமாம், லாரிதான். வாரன் கவுண்டி ஆக்ஸ்ஃபோர்டில் பீக்வெஸ்ட் என்று அரசு மீன் பண்ணை இருக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக அருமையான இடம். இலையுதிர் காலத்தில் தாய் மீனின் வயிற்றை மெதுவாக வழித்து, அரிசிக் கொழுக்கட்டைக்குப் போடும் ஜவ்வரிசி மாதிரி ஆரஞ்சு நிற முட்டைகளை எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலப்பார்கள். 50 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் ஒரு மாதத்தில் குஞ்சு பொரியும். பிறகு வெளியே நீளநீளமான சிமெண்ட் கால்வாய்களில் வளரும். நிலத்தடியிலிருந்து இறைக்கும் குளிர்ந்த நீர் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். முட்டையிலிருந்து ஆற்றுக்குப் போக ஏறக்குறைய 18 மாதம். அப்போது மீன் பத்தரை அங்குலம், அரைப் பவுண்டு. இப்படி வசந்தத்தில் மட்டும் சுமார் 5,70,000 மீன்கள் விடப்படுகின்றன. முட்டை கொடுத்து முடித்த தாய் மீன்களும் நடுநடுவே வரும். பல பவுண்டு எடையுள்ள அந்தக் கிழங்கள் மாட்டினால் அன்றைய பேச்சு அதுதான்.

முன்பு மூன்று வகையும் வளர்த்தார்கள். 2013-ல் பண்ணையில் ஃபுரங்குலோசிஸ் என்ற பாக்டீரியா நோய் புகுந்தது. புரூக்கும் பிரவுனும் அதற்குச் சுலபமாக விழுந்துவிடும், ரெயின்போ ஓரளவு தாங்கும். அதிலிருந்து ரெயின்போ மட்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

'அப்போ இது ஏமாற்று வேலைதானே' என்பார்கள். எனக்கு அதில் கூச்சம் இல்லை. மாநிலத்தின் பெரும்பாலான நீர்நிலைகளில் கோடையில் டிரவுட் பிழைக்காது. பிடித்து எடுத்துப் போகத்தான் விடுகிறார்கள். செலவு நாம் கட்டும் லைசென்ஸ், ஸ்டாம்ப் பணத்திலும், தூண்டில் சாமான்கள்மீது விதிக்கப்படும் மத்திய வரிப் பங்கிலும் நடக்கிறது. அந்த வரிக்கான சட்டம் 1950-ல் வந்தது. சந்தையில் காசு கொடுத்து வாங்கும் மீனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே முன்பணம் கட்டிவிட்டு நாளெல்லாம் குளிரில் நின்றும் வெறுங்கையோடு வரலாம்.

எடிசன் பக்கத்துல எங்க போறது? ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது.

எடிசனிலேயே ரூஸ்வெல்ட் பார்க் குளத்தில் விடுகிறார்கள். ஃபாரிங்டன் ஏரி, லாரன்ஸ் புரூக், சீஸ்குவேக் பூங்காவுக்குள் இருக்கும் ஹூக்ஸ் கிரீக் ஏரி எல்லாம் மிடில்செக்ஸ் கவுண்டிக்குள்தான். சிறு பிள்ளைகளோடு போனால் குளம்தான் சரி. கரை சமதளமாக இருக்கும், கழிப்பறை பக்கத்தில் இருக்கும்.

ஆறு என்றால் ராரிட்டன் தென்கிளை, மஸ்கொனெட்காங், பிக் ஃப்ளாட் புரூக். இவை மேற்கிலும் வடக்கிலும் இருப்பதால் ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஆனால் ஆற்றில் முழங்கால் நீரில் நின்ற பிறகு குளத்துக்குத் திரும்ப மனம் வராது. ஒரு எச்சரிக்கை: கென் லாக்வுட் பள்ளத்தாக்கு போன்ற சில பகுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு. புழு கூடாது, மீனை எடுக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கும். மரத்தில் அடித்திருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள். டெலவேர் ஆறு எல்லை ஆறு, அதற்கும் தனிக் கணக்கு.

என்னென்ன சாமான் வாங்கணும்? கடைல போனா தலை சுத்துது.

ஆறு, ஆறரை அடியில் மெல்லிய ராட், சின்ன ஸ்பின்னிங் ரீல். நாலு பவுண்டு தாங்கும் நரம்பு. ஊரில் தங்கூசி என்போமே, அதேதான். 8 முதல் 12-ஆம் எண் வரை முள் ஒரு பாக்கெட். எண் கூடக் கூட முள் சிறிதாகும், குழம்பிவிடாதீர்கள். சின்ன ஈயக்குண்டு, இரண்டு தக்கை, முள்ளைக் கழற்ற ஒரு நீள மூக்குக் குறடு.

எல்லாரும் விட்டுவிடும் சாமான் ஒன்று இருக்கிறது: தெர்மாமீட்டர். தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கும் சாதாரணமானதே போதும். ராடுக்கு நூறு டாலர் கூடுதலாகக் கொடுப்பதைவிட இது உதவும். ஏன் என்பது கீழே வரும்.

மைதா உருண்டை போட்டா மாட்டுமா? நாங்க சின்ன வயசுல அதுலதான் பிடிப்போம்.

கெண்டை ஜாதிக்கு அருமை. இங்கே கார்ப் என்று பெரிய பெரிய கெண்டை உண்டு, அதற்குப் போடுங்கள். டிரவுட்டுக்கு மைதா அடியில் போய்ச் சேறோடு சேர்ந்துவிடும். ஓடும் நீரில் இரண்டு நிமிடம்கூட முள்ளில் தங்காது.

குளத்தில் பவர்பெயிட் என்ற மாவு நன்றாக வேலை செய்யும். அது மிதக்கும் மாவு. நரம்பில் ஈயத்தைக் கோத்து, அதற்குக் கீழே ஒன்றரை அடி விட்டு முள்ளைக் கட்டினால், ஈயம் தரையில் கிடக்க, இரை மட்டும் தரைக்கு மேலே நிற்கும். பண்ணையில் உருண்டைத் தீவனம் தின்று வளர்ந்த மீனுக்கு அந்த வாசனை பரிச்சயம். ஆற்றில் மண்புழுதான் என் கட்சி. பாதிப் புழு போதும். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும். மே மாதம் தண்ணீர் சூடானதும் சின்ன ஸ்பின்னர் (இழுத்தால் சுழலும் தகடு வைத்த செயற்கை இரை) போட்டு இழுத்துப் பாருங்கள், துரத்திக்கொண்டு வரும்.

பக்கத்துல நின்னவர் அஞ்சு இழுத்துட்டார். எனக்கு ஒண்ணுகூட மாட்டல. ராட் சரியில்லையா?

ராட் பாவம், அதை விடுங்கள். முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். மீனுக்குத் தன்னுடம்பில் சூடு கிடையாது. தண்ணீர் எப்படியோ அதுவும் அப்படி. ஏப்ரல் தொடக்கத்தில் பல ஆறுகள் 45 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் டிரவுட் ஆழத்தில், பாறைக்குப் பின்னால், அசையாமல் கிடக்கும். இரையைத் தேடி வராது. மூக்கருகே மெதுவாக வந்தால் வாயைத் திறக்கும். 50 முதல் 60 வரை போனால் அதற்குப் பசி நேரம். 68-ஐத் தாண்டினால் மூச்சுத் திணற ஆரம்பிக்கும்.

பக்கத்து ஆளின் ஈயத்தைக் கவனித்தீர்களா? குளிர்நாளில் நிறையப் பிடிப்பவரின் இரை தரையைத் தடவிக்கொண்டே போகும். அவ்வப்போது கல்லில் சிக்கி முள்ளும் போகும். உங்கள் முள் சிக்கவே இல்லை என்றால் இரை மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு ஈயக்குண்டு சேருங்கள். என் முதல் வருடம் முழுக்க இந்த ஒரு ஈயக்குண்டு சேர்க்காததால் வீணானது.

அடுத்தது நேரம். ஏப்ரலில் விடிகாலை ஓடாதீர்கள், அப்போதுதான் தண்ணீர் மிகக் குளிர்ச்சி. வெயில் ஏறி, மதியம் இரண்டு மூன்று டிகிரி கூடியதும் மீன் விழிக்கும். மே கடைசியில் இது தலைகீழ். மாலையில் பூச்சிகள் பறக்க ஆரம்பித்து, நீர்ப்பரப்பில் வட்டவட்டமாய் வளையம் எழும்பும்போது போங்கள்.

இடமும் முக்கியம். மீன் விட்டு ஒன்றிரண்டு நாள் அது லாரி நின்ற பாலத்தடியிலேயே கும்பலாக நிற்கும். அதனால்தான் பாலத்தடியில் ஆட்களும் கும்பலாக நிற்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் போகிறவர் பாலத்திலிருந்து கால் மைல் நடந்தால் நல்லது.

மழை பெஞ்சு தண்ணி டீ கலர்ல ஓடுது. போகலாமா வேணாமா?

டீயா, பால் ஊற்றிய டீயா என்பதைப் பொறுத்தது. கட்டன் சாயா நிறம் என்றால் போங்கள். லேசான கலங்கலில் மீன் பயமில்லாமல் கரையோரம் வரும், புழுவின் வாசனைக்கு நன்றாக மாட்டும். பால் கலந்த நிறம் என்றால் வீட்டில் இருந்து குடியுங்கள்.

போகாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை பல ஆறுகளில் அளவுமானி வைத்து, வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று இணையத்தில் போடுகிறது. மேட்டூர் நீர்வரத்தைச் செய்தியில் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்குக் கன அடியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே படத்தில் அந்தத் தேதிக்கு வழக்கமான அளவும் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு ஓடினால் நான் கிளம்ப மாட்டேன். இடுப்பளவு நீர் இழுத்துவிட்டால், ஏப்ரல் குளிரில் கை கால் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது. வேடர் எனப்படும் நீர்க்காற்சட்டை போட்டு இறங்குகிறவர்கள் மேலே பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே சரசரவென்று தண்ணீர் புகாமல் இருக்க அதுதான் உதவும்.

எத்தனை மீன் எடுத்துக்கலாம்? நாங்க நாலு பேர், மொத்தமா எண்ணிக்கலாமா?

பொதுவான நீர்நிலைகளில், தொடக்க நாளிலிருந்து மே 31 வரை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6. அதன்பின் 4. ஒவ்வொன்றும் குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். ஆறு என்பது பிடித்த ஆளுக்கு. கரையில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டவரின் பங்கை நீங்கள் பிடிக்க முடியாது. பிள்ளை தானே பிடித்தால் அது பிள்ளையின் கணக்கு.

என் இரண்டாவது ஏப்ரலில் ஒரு மீனைக் கண்ணால் பார்த்தே 'ஒன்பது இருக்கும்' என்று பையில் போட்டுவிட்டேன். அதிகாரி வந்து அளந்தார். எட்டேமுக்கால். அன்றைக்கு எச்சரித்து விட்டுவிட்டார். அதிலிருந்து ராடின் கைப்பிடிக்கு மேலே ஒன்பது அங்குலத்தில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். வலை வீசி டிரவுட் பிடிப்பது, முள்ளை வெடுக்கென்று இழுத்து வயிற்றிலோ வாலிலோ குத்திப் பிடிப்பது, இரண்டும் கூடாது. தவறி அப்படிக் குத்திவிட்டால் மீனை விட்டுவிட வேண்டும்.

பிடிச்சுட்டு விட்டா பொழைக்குமா? செத்துப்போகும்னா விட்டு என்ன பிரயோஜனம்?

உதட்டில் குத்தியிருந்து, நீங்களும் சீக்கிரம் விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் அதற்கு நோய்த் தடுப்பு. செவுளைத் தொடாதீர்கள். படம் எடுக்க ஆசையென்றால் கேமரா தயாரான பிறகு தண்ணீரிலிருந்து தூக்குங்கள்.

புழுவை முழுங்கி முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாதீர்கள். நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். முள்ளோடு போகும் மீன் பிழைக்கும் வாய்ப்பு, தோண்டி எடுத்துக் கிழிந்த மீனைவிட அதிகம். விடப்போவது உறுதியென்றால் புழுவே வேண்டாம், எதிர்முள்ளை (முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) குறடால் அமுக்கிய ஸ்பின்னர் போடுங்கள். மேலே சொன்ன 68 டிகிரியைத் தண்ணீர் தாண்டிவிட்டால் டிரவுட்டை விடுவதற்காகப் பிடிக்காதீர்கள். நீந்திப் போவது போலத் தெரியும், பத்து அடி தள்ளிப்போய்ச் செத்து மிதக்கும்.

குழம்பு வைக்கலாமா? மெர்க்குரி இருக்குன்னு பயமுறுத்துறாங்க.

குழம்பு வைத்துப் பார்த்தேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். டிரவுட் சதை மிருது, கரண்டி பட்டால் உதிர்ந்துவிடும், கடைசியில் புளித்தண்ணீரில் முள்ளைத் தேட வேண்டியதுதான். வறுவல்தான் இதற்கு ஏற்றது. செதில் பொடிப்பொடியாக இருப்பதால் உரசவே தேவையில்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும் முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு இரத்தக் கோடு ஓடும். கட்டைவிரல் நகத்தால் அதை வழித்தெடுங்கள், கவுச்சி பாதி போய்விடும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி நேரம் வைத்துத் தோசைக்கல்லில் முழு மீனாகப் போடுங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை திருப்பாதீர்கள். குளத்து மீனில் சில சமயம் மண் வாடை அடிக்கும். அதற்குக் காரணமான பொருள் புளிப்பில் சிதைந்துவிடும். மோரில் ஊறவைத்தாலே போதும், புளித்தண்ணீரும் ஆகும்.

மெர்க்குரி விஷயம்: பண்ணையில் ஒன்றரை வருடம் தீவனம் தின்று வளர்ந்த மீனில் அது சேர அவகாசம் குறைவு. அதிகம் சேர்வது ஆற்றிலேயே பல ஆண்டு வாழ்ந்து, மற்ற மீன்களைத் தின்னும் லார்ஜ்மவுத் பாஸ், பிக்கரல் போன்றவற்றில். எந்த நீர்நிலையில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாநிலமே பட்டியல் போடுகிறது. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் பட்டியலில் அவர்களுக்கான வரியைப் பாருங்கள், அளவு இன்னும் குறைவாக இருக்கும்.

ஜூலைல போனேன், ஒரு டிரவுட் கண்ணுல படல. எல்லாத்தையும் பிடிச்சுட்டாங்களா?

கொஞ்சம் பிடித்தார்கள். கொஞ்சத்தைக் கொக்கும், ஆஸ்ப்ரே என்ற மீன் தின்னும் பருந்தும் தின்றன. மீதி வெயிலில் போனது. தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் தங்கும், 25 டிகிரியில் 8 சொச்சம்தான். அதே நேரம் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு போய்விடும். ரூஸ்வெல்ட் பார்க் மாதிரி ஆழமில்லாத குளங்களில் ஜூனுக்கு மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். ரவுண்ட் வேலி போன்ற ஆழமான நீர்த்தேக்கங்களிலும், ஊற்று நீர் கலக்கும் மலையோர ஓடைகளிலும் கோடையைத் தாண்டுவது உண்டு.

சின்னதா ஒண்ணு மாட்டிச்சு. முதுகுல புழு ஊர்ந்த மாதிரி கோடு, பக்கத்துல சிவப்புப் புள்ளி. அது டிரவுட்டா?

அதுதான் புரூக். அதுவும் காட்டு மீன். பண்ணையில் இப்போது ரெயின்போ மட்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அப்படியென்றால் உங்கள் கையில் இருந்தது அந்த ஓடையிலேயே பிறந்தது. வயிற்றுத் துடுப்பின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளை விளிம்பும் இருந்திருக்கும். துடுப்பைப் பார்த்தாலே பண்ணை மீனையும் காட்டு மீனையும் பிரித்துவிடலாம். சிமெண்டில் உரசி வளர்ந்ததன் துடுப்பு தேய்ந்து பழந்துணி மாதிரி இருக்கும், ஓடையில் பிறந்ததன் துடுப்பு முழு விசிறியாக விரியும்.

வடமேற்குப் பகுதி ஓடைகளில் புரூக் மாட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் நான் விட்டுவிடுவேன். ஐந்து அங்குல மீன் அது, தோசைக்கல்லுக்குக்கூடக் காணாது.

டெலவேர் பக்கத்துல அச்சு அசல் விரால் ஒண்ணு பிடிச்சோம்! உயிரோட தொட்டியில வச்சிருக்கோம். ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?

பிரச்சினைதான், பெரிய பிரச்சினை. நீங்கள் பிடித்தது விராலின் ஒன்றுவிட்ட தம்பி, சீனா, கொரியா பக்கத்தது. இங்கே ஸ்நேக்ஹெட் என்பார்கள். யாரோ விட்டது பெருகி, டெலவேர் ஆற்றின் கிளைகளில் பரவியிருக்கிறது. நம் விரால் போலவே காற்றைக் குடித்துப் பிழைக்கும், குஞ்சுக்குக் காவல் இருக்கும், கண்ணில் பட்டதைத் தின்னும். 2002-ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் கிடைத்ததும் நாடே பதறியது. அதே ஆண்டு உயிருள்ள ஸ்நேக்ஹெட்டை இறக்குமதி செய்வதையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையும் மத்திய அரசு தடை செய்தது.

நியூ ஜெர்சியில் அதை உயிரோடு வைத்திருப்பதே குற்றம். பிடித்தால் திரும்ப விடவும் கூடாது. அங்கேயே கொன்று, படம் எடுத்து, மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். ஊர் விராலை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அப்போ டிரவுட்ட உயிரோட கொண்டுவந்து எங்க பின்பக்கக் குளத்துல விடலாமா?

அனுமதி இல்லாமல் எந்த மீனையும் எந்த நீர்நிலையிலும் விடக் கூடாது. விட்டாலும் என்ன ஆகும் என்பதற்கு ஜூலைக் கேள்வியைப் பாருங்கள். ஒரு ஆற்றில் போட்ட பூட்ஸையும் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போங்கள். மஸ்கொனெட்காங்கில் 2018-ல் நியூசிலாந்து மண் நத்தை கண்டுபிடிக்கப்பட்டது. மிளகைவிடச் சின்னது, பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும்.

காட்டுக்குள்ள போக பயமா இருக்கு. கரடி வருமா?

கரடியைவிட உண்ணிக்குப் பயப்படுங்கள். லைம் நோய் பரப்பும் மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புல்லோரம் நிறைய. பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக.

தொடக்க நாள்ல போயே ஆகணுமா? கூட்டத்துல நிக்கவே முடியலையே.

ஒரு தடவை போய்ப் பாருங்கள், திருவிழா மாதிரி இருக்கும். எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் நாற்பது தூண்டில் விழும், எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு நாற்பது நரம்பும் சிக்கிக்கொள்ளும். பக்கத்து ஆளின் தோளை உரசி நிற்காதீர்கள், அவர் நரம்பைத் தாண்டி வீசாதீர்கள். சிக்கிவிட்டால் 'சாரி' சொல்லி உங்கள் நரம்பை வெட்டிக் கொடுத்துவிடுங்கள், ஐந்து காசு நரம்புக்குச் சண்டை வேண்டாம்.

நான் போவது மே மாதம், வார நாள், வேலை முடிந்து ஐந்தரைக்கு. ஏப்ரல், மே முழுக்க வாராவாரம் லாரி வந்துகொண்டேதான் இருக்கும், எந்த வாரம் எந்த ஆறு என்ற அட்டவணையை முன்னாடியே போட்டுவிடுவார்கள். தண்ணீர் 56, 58 டிகிரி. ஆற்றில் நானும் ஒரு கொக்கும் மட்டும்.

அக்டோபர்லயும் விடுறாங்களாமே?

விடுகிறார்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் மீன் பெரிது, பதினாலு அங்குலத்திலிருந்து இருக்கும். தண்ணீர் சூடு கணக்கு அப்படியே திரும்பிப் போட்ட மாதிரி: வெயில் குறையக் குறைய மீன் சுறுசுறுப்பாகும். ஸ்டாம்ப் டிசம்பர் வரை செல்லும் என்பதால் ஏப்ரலில் வாங்கியதே போதும்.